புதன்கிழமை ரசம்

வருகிற தை மாதத்தோடு என் மனைவி மறைந்து ஓராண்டு நிறைகிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் "அன்பு மனைவி, பாசமிகு தாய்" என்று உறவினர்கள் அச்சடித்திருந்தார்கள். அச்சகத்தில் எல்லோருக்கும் போடுகிற வாசகம்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும், வாரத்தில் பாதி நாள் ஊரார் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவளை அந்த நான்கு சொற்களுக்குள் தேடி, கிடைக்காமல் நின்றேன்.

மன்னார்குடிப் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் 1984 முதல் 2018 வரை அவள் கிராம சுகாதார செவிலியராக இருந்தாள். ஊருக்கு நர்சம்மா. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அந்த ஐயாயிரம் பேரும் எட்டுத் திசையில் சிதறிக் கிடப்பதும், நடவு தொடங்கிவிட்டால் தாய்மார்கள் வயலிலும் கைக்குழந்தைகள் கண் தெரியாத பாட்டிகளிடமும் இருப்பதும் அந்தக் கணக்கில் வராது. குழந்தை வராவிட்டால் இவள் வரப்பில் நடந்து போய், சேற்றுக் காலோடு தாயைக் கரையேற்றி அழைத்து வருவாள்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அவளுடைய டிவிஎஸ் 50 மக்கர் செய்கிற நாட்களில் நான்தான் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் விடுவேன். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் நான்கு பனிக்கட்டி உறைகளையும் உடனே உள்ளே வைக்க மாட்டாள். வெளியே வியர்க்க விட்டு, ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகே வைப்பாள். முத்தடுப்பு மருந்து உறைந்து போனால் வீரியம் போய்விடும் என்பது காரணம். நாங்கள் தாமதமாகிறது என்று பரபரத்தாலும் அவள் காது அந்த உறையில்தான் இருக்கும்.

அன்றைக்கு வீட்டில் சமையல் என்னுடையது. ரசமும் சுட்ட அப்பளமும் தவிர எனக்கு வேறொன்றும் வராது. பிள்ளைகள் அதற்குத் 'தடுப்பூசி ரசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது, எங்கள் மகனுக்குக் காய்ச்சல் என்பதையே இரவில் திரும்பி வந்துதான் அறிந்தாள். அன்று நான் கோபித்துக்கொண்டது உண்மை. இந்தியாவில் கடைசிப் போலியோ நோய் 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமிக்குக் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நோய் ஒழிந்ததாகச் சான்றிதழ் வந்தது. தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே, "பாகிஸ்தான்ல இன்னும் இருக்குங்க, அடுத்த முகாமுக்குப் பட்டியல் எழுதணும்" என்று எழுந்து போய்விட்டாள். அதுதான் அவள் கொண்டாட்டம்.

சர்க்கரை, பிறகு சிறுநீரகம் என்று கடைசி எட்டு மாதங்கள் போயின. அவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை.

காரியம் முடிந்த மறுநாள், மகள் பீரோவைத் துழாவித் தன் பழைய தடுப்பூசி அட்டையைக் கண்டெடுத்தாள். மூன்றரை மாதத்தில் போட வேண்டிய மூன்றாவது தவணை இருபத்து மூன்று நாள் தள்ளிப் போயிருந்தது. நர்சம்மா வீட்டுக் குழந்தைக்கே தாமதமா என்று அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை நிலையத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டவன் நான். ஒரு வாரம் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. மற்றக் குழந்தைகளுக்கு எழுதுவதைப் போலவே, அட்டையின் ஓரத்தில் சிவப்பு மையில் காரணத்தையும் எழுதி வைத்திருந்தாள்: "தகப்பனார் கொண்டு வரவில்லை."