முகம் பார்க்கும் பருவம்

பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனதும், "பிள்ளை முகம் பார்க்க ஆரம்பித்துவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏழெட்டு மாதத்தில் புதியவர் தூக்கி அது வீறிட்டால், "வேற்றுமுகம் பார்க்கிறது" என்பார்கள். கோவையில் ஒரு நிறுவனத்தின் குழந்தைகள் காப்பகத்தில் 6 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் எவ்வளவு நடந்துவிடுகிறது என்பது மெல்லத்தான் பிடிபட்டது.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியதுடன், சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் 26 வாரங்களாக உயர்த்தியது. அந்த விடுப்பு முடிந்து தாய் திரும்பும்போது பிள்ளைக்கு ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். எங்களிடம் பழகுவதற்குள் வேற்றுமுகம் தொடங்கிவிடும். தாய் நாளுக்கு நான்கு முறை வந்து பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. நான்கு முறையும் அவர் கிளம்பியபின் வரும் அழுகை எங்கள் பங்கு.

என் தந்தை மருத்துவமனையில் இருந்த வாரத்தில் ஒருநாள், ஏழு மாதப் பெண் குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கை பழக்கத்தில் ஊட்டியதே தவிர, முகத்தில் ஒன்றுமில்லை. அவள் முதலில் சிரித்துப் பார்த்தாள், பிறகு "ங்கா" என்று குரல் கொடுத்தாள், கிண்ணத்தைத் தட்டினாள். நான் அசையவில்லை என்றதும் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தவள், அன்று அதற்குமேல் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. பசியில்லை என்று பதிவேட்டில் எழுதிவைத்தேன்.

ஓராண்டுக்குப் பின் ஒரு பயிற்சி வகுப்பில், எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும் தாயைச் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னபோது, குழந்தைகள் அவரை மீட்க முயன்று, முடியாமல், சோர்ந்து முகம் திருப்பினார்களாம். பதிவேட்டில் நான் எழுதியது தவறு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே உணர்ந்தேன்.

ஒரு வயதை நெருங்கும்போது பிள்ளைகள் நம் முகத்தைக் கேட்டுத்தான் உலகத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். சமையலறைக் குக்கர் விசில் அடித்தால் பத்து மாதப் பிள்ளை குக்கர் பக்கம் பார்ப்பதைவிட ஆயாம்மாவின் பக்கம்தான் பார்க்கும். அவர் சிரித்தால் விளையாட்டைத் தொடரும், புதிதாக வந்தவர் பதறினால் தானும் அழும். கண்ணாடிக்கு அடியில் பள்ளம் போலத் தெரியும் மேசையில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டு 1985-இல் ஓர் ஆய்வு நடந்தது. எதிரே தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பிள்ளை விழுந்ததும் ஓடிப்போய்த் தரையை அடிக்கும் நம் வழக்கத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான். விழுந்த பிள்ளை தரையைப் பார்ப்பதில்லை, நம்மைத்தான் பார்க்கிறது.

மற்றவரின் மனம் தன் மனம் அல்ல என்பது இன்னும் தாமதமாகவே தெரிகிறது. (அதற்கு முன் "சாரி சொல்லு" என்று வற்புறுத்துவது பெரியவர்களின் திருப்திக்கு மட்டுமே.) ஒன்றேகால் வயதுப் பையன் ஒருவன், அழுதுகொண்டிருந்த சிறுமியிடம், தான் முனையைச் சப்பியபடி தூங்கும் துண்டை நீட்டினான், தனக்கு ஆறுதல் தருவது எல்லோருக்கும் ஆறுதல் என்பது அவன் கணக்கு. அவள் தள்ளிவிட்டதும் அவனும் அழுதான். எட்டு மாதம் கழிந்து அவள் மறுபடி அழுத ஒரு மாலையில், அவளுடைய பையிலிருந்து அவளுடைய துணி யானையை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.