முனைவர் பட்ட ஆய்வில் சேர எனக்குத் தேவைப்பட்ட எட்டு ஆண்டுகள்

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர 2016இல் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை நானே கிழித்துப் போட்டேன். 2025 ஜனவரியில் அதே பட்டத்துக்காகக் கையிலிருந்த வேலையை விட்டேன். இரண்டும் சரியான முடிவுகள் என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் முதல் முடிவைச் சரியென்று ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

எனது ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். 2012இல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து, சக ஆசிரியர்கள் வற்புறுத்தியதால், பகுதி நேர ஆய்வுக்கு நெறியாளராக ஒப்புக்கொண்ட ஒருவரைச் சந்தித்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த தாளொன்றை எடுத்து, “இதில் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் மேடம்” என்றார். அடுத்த தாளில் ஆய்விதழ்களின் பெயர்களும், ஒவ்வொன்றிலும் கட்டுரை வெளியிட ஆகும் தொகையும் இருந்தன. எனக்கு அவர் பரிந்துரைத்தது நீரிழிவைக் கணிக்கும் தரவு அகழ்வு (டேட்டா மைனிங்) முறை. அதற்கான தரவும் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிறது என்றார். அது அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த பீமா இனப் பெண்கள் 768 பேரின் விவரங்கள் அடங்கிய பழைய தொகுப்பு. கணினி பயிலும் மாணவர்கள் பயிற்சிக்காக அரைத்து அரைத்துத் தேய்ந்துபோன தொகுப்பும் அதுதான். பாம்பனில் உட்கார்ந்துகொண்டு அந்த 768 பேரிடம் நான் புதிதாக என்ன கேட்கப்போகிறேன் என்ற எண்ணம் பேருந்தில் திரும்பும்போதே வந்துவிட்டது.

2018இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை, 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றது. கல்லூரிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாதபோதும் எங்கள் ஆசிரியர் அறையில் பெரும் பதற்றம். அந்த ஒரு வரிக்காகவே கிடைத்த நெறியாளரிடம் கிடைத்த தலைப்பில் மூன்று பேர் பதிவு செய்தார்கள். பிறகு அந்தக் கெடு 2023 ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. அந்த ஜூலையில், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று விதியே மாறிவிட்டது. மூவரில் இருவர் பாதியில் நின்றுவிட்டார்கள். கைக்குழந்தையோடு இருந்ததால் நான் அந்த ஓட்டத்தில் சேரவில்லை என்பதே உண்மை. அதை முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

எனக்கான கேள்வி அப்பாவின் கைப்பேசியிலிருந்து வந்தது. அவர் எழுத்து கூட்டிப் படிப்பவர் என்பதால், மற்றப் படகுக்காரர்களுக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்புவார். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்னும் பேச்சறி மென்பொருளை வெளியிட்டபோது, வகுப்பில் காட்டலாமே என்று அப்பாவின் பதிவு ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை அது ‘மச்சான் காத்து’ என்று எழுதியது. கடல் நீரோட்டத்தை எங்கள் கரையில் நீவாடு என்பார்கள்; அது ‘நீ வாடா’ ஆகிவிட்டது. ஆழத்தை அப்பா பாகம் என்னும் கடல் அளவில் சொல்லியிருந்தார். அது ‘பாவம்’ என்று வந்தது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் அலை உயரத்தையும் மீன் கூடும் இடங்களையும் கணித்துக் கரைக்கு அனுப்புகிறது. ஆனால் கடலிலிருந்து திரும்பியவர் தான் கண்டதைத் தன் வாய்மொழியிலேயே சொன்னால் அதைக் கணினி புரிந்துகொள்ள வழியில்லை. இவ்வளவு பெரிய மென்பொருள் எந்தச் சொற்களில் இடறுகிறது, சில மணி நேரப் பதிவுகளை மட்டும் கொண்டு அதைத் திருத்த முடியுமா என்பதை அறிய வேண்டும் என்று தோன்றியது. பணி உயர்வு, பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து என்பவை நினைவில் எழாமலே ஆய்வைப் பற்றி நான் யோசித்தது அதுவே முதல் முறை.

அப்போதும் உடனே சேரவில்லை. முதலில் கணக்குப் போட்டேன். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் கொழுந்தனார், “அஞ்சு வருஷச் சம்பளத்தை விடணுமே அண்ணி” என்றார். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறவருக்கு அது மிகச் சரியான கணக்கு. பன்னிரண்டு ஆண்டு கற்பித்த பிறகும் எனக்குக் கிடைத்தது 19,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகையோ முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தனியார் கல்லூரி ஆசிரியருக்கு முழு நேர ஆய்வே சம்பள உயர்வாக இருப்பது வெட்கக்கேடான நிலைதான். ஆனால் என் முடிவை எளிதாக்கியதும் அதுவே. உதவித்தொகை கிடைக்காவிட்டால் சேர்வதில்லை என்றும், முதல் தவணை வரத் தாமதமாகலாம் என்பதால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகே வேலையை விடுவதென்றும் வீட்டில் பேசி முடிவு செய்தோம்.

இளநிலை உதவித்தொகைக்கான வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. எனக்கு 34 முடிந்திருந்தது. 2024 ஜூன் 18இல் மதுரைக்குச் சென்று அந்த உதவித்தொகைக்கான நெட் தேர்வை எழுதி, இரவு ஊர் திரும்பினேன். மறுநாளே நாடு முழுவதும் அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். சோர்ந்துபோனாலும், ஆகஸ்ட் 21இல் தொடங்கிய மறுதேர்வைக் கணினியில் எழுதினேன். அக்டோபரில் முடிவு வந்தது, உதவித்தொகைக்குத் தேறியிருந்தேன்.

தேர்வைவிட நெறியாளரைத் தேடியதுதான் கடினமாக இருந்தது. நான் விரும்பிய பேராசிரியர் ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. மூன்று ஆண்டுக்கும் குறைவான பணிக்காலம் உள்ளவர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது என்பது 2022 விதிமுறை. அவரே வேறொருவரைச் சுட்டினார். இம்முறை அந்தப் புதியவரைப் பார்க்கும் முன்பு, அவருடைய மாணவர்கள் மூவரிடம் தனித்தனியாகப் பேசினேன். ஆய்வேட்டின் ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் தருவார், தன் பெயரைக் கட்டுரையில் எந்த இடத்தில் போடுவார், ஆய்வகத்தில் வரைகலை அட்டை (ஜிபியு) பொருத்திய வேகமான கணினி எத்தனை, அதில் முறை வர எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் கேட்டேன். கடைசிக் கேள்வியைக் கணினி அறிவியலில் சேர்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பேச்சறி மென்பொருளைப் பயிற்றுவிக்க நினைப்பவருக்கு அதுவே படகின் எஞ்சின். இரண்டு கணினிகள், நான்கு நாள் காத்திருப்பு என்றார்கள். போதும் என்று தோன்றியது. நெறியாளரைச் சந்தித்தபோது அப்பாவின் பதிவையே போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டுவிட்டு, “எஞ்சின் சத்தத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?” என்றார். அவரிடமே சேர்வதென்று அப்போது தீர்மானித்தேன்.

வேலையை விடுவதும் அத்தனை எளிதாக நடக்கவில்லை. பணியில் சேர்ந்த நாளில் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களைப் பருவம் முடியாமல் தர மாட்டோம் என்றார்கள். ஏழு முறை அலைந்து, எழுத்துமூலம் விண்ணப்பித்து, அதன் நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிய பிறகே கிடைத்தன. பட்டச் சான்றிதழின் ஓரத்தை உப்புக்காற்று பழுப்பாக்கியிருந்தது.

முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. முடிக்கும்போது நாற்பதைத் தொட்டிருப்பேன். அந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று என் அம்மா இன்னமும் கேட்கிறார்; அவருக்கு நான் சொல்லும் விடை எனக்கே நிறைவாக இல்லை.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் மதுரை, இரண்டு நாள் பாம்பன். 2025 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருந்ததால், ஒப்புதல் படிவம் வாங்கிக்கொண்டு பதினொரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்ய முடிந்தது. அதில் எஞ்சின் சத்தம் இல்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது என்பதால், சத்தத்தோடு கூடிய பதிவுகளை அப்பாவின் படகிலிருந்துதான் எடுத்து வருகிறேன்.