பெரனிகே முதல் கோப்டோஸ் வரை: ஒட்டகச் சாத்து நாட்குறிப்பு

அக்டோபர் 12, கும்பகோணம்

மேசை விளையாட்டுக்கான பொம்மை ஒட்டகங்கள் வந்து சேர்ந்தன. 28 மில்லிமீட்டர் அளவு (ஒரு மனிதப் பொம்மையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு), வெள்ளீயக் கலவை வார்ப்பு, பன்னிரண்டும் ஒற்றைத் திமில். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துக்கு இதுதான் பொருந்தும். இரட்டைத் திமில் ஒட்டகம் மத்திய ஆசியக் குளிருக்கு உரியது. வார்த்தவர் ஒட்டகத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து முன்னேறுகின்றன. அந்த நடை இல்லாவிட்டால் கழுத்து நீண்ட குதிரையாகிவிடும்.

பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் மேசைப்போரில் நான் நடத்தப்போவது கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வணிகச்சாத்து, அதாவது சரக்கோடு சேர்ந்து போகும் வணிகர் கூட்டம். செங்கடல் துறையான பெரனிகேயில் இறங்கிய சரக்கை நைல் கரையின் கோப்டோஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு நாள் வழி என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள், பகலில் தண்ணீர் உள்ள தங்குமிடங்களில் கிடப்பார்கள். வழிமறிக்கும் கூட்டம் என் தங்கை கணவர் கையில்.

இந்த வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் மிளகு. பெரனிகேயின் செராபிஸ் கோயிலில், இந்தியாவில் செய்த ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் அதே ஊரில் கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, சாத்து என்றால் ஒட்டகத்தை அழகாகத் தீட்டிவிட்டு முதுகில் ஏதோ நாலு பொதியை ஒட்டுவதா? எனக்குச் சுமைதான் முதலில்.

அக்டோபர் 19

ஐப்பசி பிறந்ததும் அடைமழை. இந்த ஈரக் காற்றில் பிரைமரை (வண்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சை) தெளித்தால் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். தூரிகையாலேயே மெல்லியதாகப் பூசிக் காயவிட்டேன்.

அக்டோபர் 23

உடல் வண்ணம். பன்னிரண்டுக்கும் ஒரே பழுப்பைப் பூசக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். ஒன்று வெளிர் மணல், ஒன்று ஏறக்குறைய வெள்ளை, இரண்டு கருந்தவிடு, மற்றவை நடுவில். வயிறும் தொடையின் உட்பக்கமும் எப்போதும் ஒரு படி வெளுப்பு. திமில் உச்சியிலும் கழுத்தடியிலும் மயிர் அடர்ந்து இருண்டிருக்கும். நெஞ்சுக்குக் கீழே ஒரு காய்ப்பு, முன்னங்கால் முட்டிகளில் காய்ப்பு. மடிந்து உட்காரும்போது உடல் எடை ஊன்றும் இடங்கள் அவை. அங்கே மயிர் கிடையாது, எனவே சாம்பல் கலந்த கறுப்பு. தூரிகை நுனியால் ஒரு தொடுதல்தான். அதுவரை பொம்மையாக இருந்தது சுமை தூக்கிப் பழகிய விலங்காகிறது. இன்று மாலை முழுவதும் முட்டிகளிலேயே போயிற்று. போகட்டும்.

அக்டோபர் 27

வலங்கைமான் சாலையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நின்று மூட்டைகளைப் பார்த்தேன். குறுவை நெல், மூட்டைக்கு 40 கிலோ, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். ஒட்டகம் நெடுவழியில் தூக்குவது சுமார் 150 முதல் 200 கிலோ. அப்படியென்றால் பக்கத்துக்கு இரண்டாக நாலு மூட்டை. அந்த அடுக்கைக் கண்ணால் பார்த்தபின் என் பொதிகளின் பருமன் தெளிவாகிவிட்டது.

சுமை தூக்கும் பெரியவரிடம் விவரம் சொன்னேன். அவர் ஒரு மூட்டையின் முனையைப் பிடித்துக் காட்டினார். "வாயைத் தைத்தால் இரண்டு ஓரமும் காதாக நிற்க வேண்டும், தம்பி. காது இல்லாத மூட்டையை எதைப் பிடித்துத் தூக்குவது?"

கடைகளில் விற்கும் பொதி வார்ப்புகள் பலவற்றில் காது இல்லை. வீட்டுக்கு வந்து எம்சீல் என்ற ஒட்டுப்பசையைப் பிசைந்து நானே உருட்டினேன். ஓரங்களைக் கிள்ளிக் காது எடுத்து, கயிறு இறுக்கும் இடத்தை ஊசியால் அழுத்தி, மேலும் கீழும் பிதுங்கவிட்டேன். நடுவில் பள்ளமும் இருபுறம் பிதுக்கமும் இருந்தால்தான் உள்ளே எடை இருப்பதாகக் கண் நம்பும்.

நவம்பர் 2

கயிறு. தையல் நூலில் பிசிறு தெரிகிறது. பூக்கட்டும் வாழைநாரைக் காயவைத்து நகத்தால் மெல்லக் கிழித்தால் இந்த அளவுக்கு அச்சான கயிறு கிடைக்கிறது, நிறம்கூடப் பூச வேண்டாம். ஒவ்வொரு ஒட்டகத்தின் தலைக்கயிற்றையும் முன்னால் போவதன் சேணத்தில் கட்டினேன். கயிறு விறைத்து நிற்கக் கூடாது, நடுவில் தொய்ய வேண்டும்.

மிளகு மட்டும் போதாது. முசிறி ஒப்பந்தம் என்று நாம் சொல்லும் பாப்பிரஸில் (நாணல் தாள் ஏட்டில்) ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குப் பட்டியல் இருக்கிறது: கங்கைப் பகுதி ஜடாமாஞ்சி 60 பெட்டி, யானைத் தந்தம். ஆகவே இரண்டு ஒட்டகத்துக்குப் பெட்டிகள், ஒன்றுக்குத் தந்தம். தந்தத்துக்குத் தூய வெள்ளை கூடாது; பழைய எலும்பு நிறம், அடிப்பக்கம் பழுப்பு.

கி.பி. 90இல் கோப்டோஸில் கல்லில் வெட்டிய சுங்கப் பட்டியலில் ஒட்டகச் சீட்டுக்கு ஒரு ஒபோல், கப்பல் பாய்மரத்துக்கு 20 திராக்மா (ஒபோல் சிறு காசு, திராக்மா அதைவிடப் பெரியது). பாலைவனத்தின் குறுக்கே பாய்மரம் போயிருக்கிறது! தென்னை ஈர்க்கில் ஒன்று சீவி வைத்திருக்கிறேன். கோப்டோஸிலிருந்து எதிர்த்திசையில் வரும் வண்டிக்கு அது.

நவம்பர் 7

அடித்தட்டு. பாலைவனம் என்றாலே மஞ்சள் மணல்மேடு என்று நினைக்கிறார்கள். இந்த வழி பாறை மலைகளுக்கு இடையே, சரளை நிறைந்த வறண்ட ஓடைகளில் போகிறது. காவிரி மணல் இதற்கு ஆகாது, மிகவும் பொடியாக இருக்கும். செங்கல்லை இடித்துச் சலித்து, திப்பியைப் பரப்பி, மேலே வெளிர் சாம்பலை உரசினேன்.

நவம்பர் 9

விதிகள். ஒவ்வொரு சுமைக்கு அடியிலும் சிறு காந்தம் பதித்திருக்கிறேன். கொள்ளை போனால் கையோடு எடுத்துவிடலாம். ஓட்டுநர் கயிற்றை அறுத்துச் சுமையைத் தள்ளினால் ஒட்டகம் இரட்டிப்பு வேகம் ஓடும்.

"மச்சான், அறுத்துப் போட்ட மூட்டை யாருக்கு?" என்றார் தங்கை கணவர்.

"எடுத்தவருக்கு, மாப்பிள்ளை. ஆனால் எடுக்க ஒரு சுற்று ஆட்டம் நின்றாக வேண்டும்."

மதிப்புக்குப் பிளினி தரும் விலையையே எடுத்துக்கொண்டோம்: ராத்தலுக்குக் கருமிளகு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெண்மிளகு 7, திப்பிலி 15. ஆக, ஒரே ஒரு திப்பிலி மூட்டை கிட்டத்தட்ட நாலு மிளகு மூட்டைக்குச் சமம். வெளியே எல்லாம் ஒரே சாக்கு, ஒரே காது. திப்பிலி மூட்டையின் அடியில் மட்டும் காந்தத்தின் ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். எந்த ஒட்டகத்தில் ஏற்றுவது என்பதை ஆட்டத்தன்று காலையில் முடிவு செய்வேன்.