உங்கள் வயல் தெரிவானால்: நெல் வெட்டி நிறுக்கும் ஆய்வில் நான் கண்டவை

இந்தப் போகத்தில் இலங்கையில் இத்தனை இலட்சம் மெட்ரிக் தொன் நெல் விளைந்தது என்று பத்திரிகையில் ஒரு வரி வரும். எத்தனை அரிசியை இறக்குமதி செய்வது, எப்போது செய்வது என்கிற பேச்செல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை 2021/22 காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தில், கிளிநொச்சிப் பக்கம் பிரதேச செயலகத்தின் புள்ளிவிபரக் கிளையில் வேலை செய்தபோது கிட்ட நின்று பார்த்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும், "ஏன் என்ர வயலுக்க வந்து நிக்கிறீங்கள்" என்று கேட்கிற கமக்காரருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நெல் கணக்கு என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, எவ்வளவு நிலத்தில் அறுவடை ஆனது. மற்றது, ஒரு ஏக்கரில் எவ்வளவு விளைந்தது. முதலாவதுக்கு ஒவ்வொரு வயல்வெளியாகக் கணக்கெடுக்கிறார்கள். கமநல சேவை நிலையத்தின் உத்தியோகத்தர்கள் விதைத்த பரப்பை ஒரு முறையும் அறுத்த பரப்பை இன்னொரு முறையும் பதிவார்கள். வெள்ளத்தில் போனது, தண்ணீர் இல்லாமல் காய்ந்தது எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் தெரிந்துவிடும். வரம்பில் நெல் விளையாது, அதனால் வரம்புக்கான கழிவும் உண்டு. இரண்டாவது எண்ணுக்கு நாடு முழுவதும் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்கிறார்கள். 1950களின் தொடக்கத்திலிருந்து தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் போகத்துக்குப் போகம் செய்துவரும் வேலை இது.

கேட்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் முதல் சிக்கல் ஆளைக் கண்டுபிடிப்பதிலேயே தொடங்கிவிடும். பட்டியலில் காணிக்காரரின் பெயர் இருக்கும், அவர் கனடாவில் இருப்பார். காணியைப் பார்ப்பது அவருடைய தங்கச்சி குடும்பம், விதைத்தது குத்தகைக்கு எடுத்த வேறொருவர், அவரும் பாதியை மச்சானிடம் விட்டிருப்பார். இரணைமடுக் குளத்தின் கீழ் கோடையில் செய்யும் சிறுபோகத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் குளத்துத் தண்ணீருக்கு ஏற்றபடி யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதால், விதைக்கிற நிலம் ஓரிடத்திலும் காணிக்காரர் வேறோரிடத்திலுமாக இருப்பார்கள். கிராம அலுவலரையும் கமக்காரர் அமைப்பின் தலைவரையும் முதலிலேயே பழக்கம் பிடித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். அவர்களுக்குத் தெரியாத வயல் அந்த ஊரில் இருக்காது.

ஆள் கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்ன நெல், எப்போது விதைத்தது என்பது. பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 352 மூன்றரை மாத நெல். விதைப்புத் திகதி தெரிந்தால் அறுவடை எந்தக் கிழமை வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓரளவுதான். முன்பு கையால் அருவி வெட்டிய காலத்தில் நாலைந்து நாள் அவகாசம் இருந்தது. இப்போது வெட்டு மெசின் வந்தால் ஒரு ஏக்கர் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், நாம் போகும்போது வைக்கோல்தான் இருக்கும். அந்த வருடம் அதுக்கும் மேல் டீசல் தட்டுப்பாடு. 2022 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எரிபொருள் நிலையங்களில் வரிசை எவ்வளவு தூரம் நின்றது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டீசல் கிடைத்த மெசின்காரர் இரவென்றும் பாராமல் அடுத்தடுத்த வயலில் இறங்கிவிடுவார், கமக்காரருக்கே ஒரு மணி நேரத்துக்கு முன்தான் தெரியும். அதனால் நான் கமக்காரரோடு மெசின் ஓட்டுகிறவர்களின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் போகத்தில் அதைப் போல உதவியது வேறொன்றுமில்லை.

இனி வயலுக்குள். நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, குறித்த மூலையிலிருந்து எத்தனை அடி உள்ளே, எத்தனை அடி பக்கவாட்டில் என்று எழுமாற்று எண் அட்டவணையைப் பார்த்துத்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். எண் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கேதான் முளைக்கம்பு. இந்த இடத்தில்தான் வாக்குவாதம் வரும். ஒரு ஐயா என்னை மறித்தார்.

"பிள்ளை, உந்த இடத்தில என்ன கிடக்கு, வெறும் பதர். அங்கால வாய்க்கால் ஓரம் நல்லாக் கிடக்கு, அதை வெட்டு."

அவருக்கு அது மானப் பிரச்சினை, வருடம் முழுக்கப் பாடுபட்ட வயலை அதன் மோசமான மூலையை வைத்து யாரோ எழுதிக்கொண்டு போவதா என்று. இன்னொரு வயலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. விளைச்சல் குறைந்த நெற்செய்கையாளர்களுக்கு அரசு இழப்பீடு அறிவித்திருந்த நேரம், "கருகின பக்கமாப் பாத்து வெட்டுங்கோ தங்கச்சி" என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: இது உங்கள் வயலுக்குப் புள்ளி போடுகிற வேலை இல்லை, மாவட்டத்தின் சராசரிக்கானது, ஒருவருடைய இழப்பீட்டை இது கூட்டாது, குறைக்கவும் செய்யாது. ஒவ்வொரு உத்தியோகத்தரும் ஒரு முழம் தள்ளி நல்ல இடத்தில் கயிறு கட்டினால், நாட்டில் இல்லாத நெல் புத்தகத்தில் விளைந்துவிடும். அப்புறம் அதை நம்பி அரிசிக் கப்பலைப் பிந்திக் கூப்பிட்டால் அடுப்பில் உலை வைக்க முடியாமல் நிற்பது சனம்தான். இதை நான் கொஞ்சம் சூடாகவே சொல்லியிருப்பேன். ஐயா கடைசியில் தானே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்.

கயிறு கட்டியதும் எல்லைப் பயிரைப் பார்க்க வேண்டும். வேர் கயிற்றுக்கு உள்ளே இருந்தால் கதிர் வெளியே சாய்ந்திருந்தாலும் அது நம்முடையது. வேர் வெளியே இருந்தால் கதிர் உள்ளே கிடந்தாலும் எடுக்கக்கூடாது. மழைக்கு விழுந்த நெல்லில் இது பெரும் பாடு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து அடியைத் தேட வேண்டும், சுணை பட்டுக் கையெல்லாம் அரிக்கும். வெட்டியதைப் படங்கில் போட்டு அடித்து, சிந்தின மணியையும் கூட்டி அள்ளி, சுளகில் புடைத்துப் பதர் போக்கி, தொங்கு தராசில் நிறுக்க வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் நிறை கூடத்தான் காட்டும், ஆகவே காய்ந்த நெல்லுக்குக் கணக்குப் பண்ணினால்தான் அது நிற்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் வாங்குவதும் 14 வீத ஈரப்பதன் என்ற அளவில்தான். வெட்டின நெல்லை வயல்காரரிடமே கொடுத்துவிட்டுத்தான் நான் வந்தேன், அது அவருடைய நெல்.

"எத்தனை மூட்டை கண்டது என்று கமக்காரரையே கேட்டால் போதாதா" என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறோம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒருவருடைய மூட்டை இன்னொருவருடைய மூட்டை இல்லை. மெசினிலிருந்து கொட்டின பச்சை நெல் மூட்டை வேறு, வீதியில் காயவிட்டுக் கட்டின மூட்டை வேறு. புசலில் சொல்கிறவர்களும் உண்டு, ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ, அதற்காவது நிலையான அளவு இருக்கிறது.

அந்தப் போகத்தில் தராசு காட்டியதைப் பார்க்கவே மனம் கனத்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பர் கடைசியில் தடையைத் தளர்த்தியபோது விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது, யூரியா கிடைத்தாலும் வாங்கக் கூடிய விலையில் இல்லை. தூரத்தில் நின்று பார்த்தால் வயல் மஞ்சளாக அறுவடைக்குத் தயாராகத்தான் இருந்தது, கிட்டப் போனால் தூர் கட்டாமல் கட்டைக் கதிர்கள். முந்திய காலபோகத்தில் நாடு முழுவதும் 30 இலட்சம் மெட்ரிக் தொன்னைத் தாண்டிய நெல் உற்பத்தி, இந்தக் காலபோகத்தில் 20 இலட்சத்துக்கும் கீழே போனது. கவனியுங்கள், விதைத்த பரப்பு பெரிதாகக் குறையவில்லை. நிலக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் எல்லாம் வழக்கம் போல என்றுதான் தெரிந்திருக்கும். விழுந்தது ஏக்கருக்கான விளைச்சல், அது அளவிலே தெரிந்தது கயிறு கட்டி வெட்டி நிறுத்ததால்தான். இந்த ஆய்வை வெறும் கடமைக்குச் செய்கிற சடங்காகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எல்லாப் பயிருக்கும் இப்படி வெட்டி நிறுக்க முடிவதில்லை. தேயிலைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் போயே ஆக வேண்டும் என்பதால் அங்கே எடை தானாகப் பதிவாகிவிடும். வீட்டுத் தோட்டத்து மரவள்ளி, முருங்கை, கத்தரி, வளவில் நிற்கிற ஆடு, கோழி இவையெல்லாம் பெரும்பாலும் ஊர் மட்டத்தில் மதிப்பிட்டுச் சொல்கிற கணக்கு. அதற்கும் நெல்லுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அரிசி விலை ஏறின மாதங்களில் பல வீடுகளில் சாப்பாடு மரவள்ளிதான்.

சரி, உங்கள் வயல் தெரிவாகிவிட்டது என்று வந்து சொன்னால் செய்ய வேண்டியது அதிகமில்லை. விதைத்த திகதியையும் நெல்லினத்தையும் சரியாகச் சொல்லுங்கள், குத்தகை என்றால் குத்தகை என்றே சொல்லுங்கள். மெசின் வரப்போகிறது என்று தெரிந்த உடனே உத்தியோகத்தருக்கு ஒரு அழைப்பு எடுங்கள், இரவானாலும் பரவாயில்லை. முளைக்கம்பு ஏற்கனவே நட்டிருந்து அவர் வந்து சேரப் பிந்தினால், மெசின்காரரிடம் சொல்லி முளைக்கம்பு நிற்கிற அந்தத் துண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பயிரை விட்டு வெட்டச் சொல்லுங்கள். பிறகு வந்து அதை வெட்டிக்கொள்ளலாம்.