எஞ்சின் எண் இல்லாத பில்லும் எங்கள் அலைச்சலும்

பாம்பன் பக்கம் எங்கள் நாட்டுப்படகு மீனவர் சங்கத்துக்கு அவுட்போர்டு எஞ்சினும் ஜிபிஎஸ் கருவியும் வாங்க வெளிநாட்டு அமைப்பு ஒன்று உதவியது. கடைசித் தவணை இந்த வாரம்தான் கணக்கில் ஏறியது. இதே உதவிக்கு முயல்கிறவர்கள் எங்களைப் போல அலையக் கூடாது.

வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டிய எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவும், அந்தப் பணம் வந்து சேர வேண்டிய டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கும் தாமதமானாலும் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது, பொருள் ராணுவத்துக்கோ ஆயுதக் குழுவுக்கோ போகவில்லை என்று காட்டும் இடத்தில். அந்த அமைப்பில் அவர்கள் நாட்டு அரசுப் பணமும் உண்டு. ராணுவத் தளவாடத்துக்குப் போகும் பணத்தை வளர்ச்சி உதவியாகக் கணக்குக் காட்ட ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் கூட்டமைப்பின் விதி இடம் தராது.

இந்தக் கேள்வி நியாயமானது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 2009 வரை அங்கே போர் நடந்த காலத்தில் இந்தக் கரையிலிருந்து டீசலும் எஞ்சினும் கடத்தப்பட்டன. ஒழுங்காகத் தொழில் செய்தவர்களும் அதனால் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அந்த நிலை திரும்ப வரவே கூடாது.

உறுதிமொழிப் பத்திரத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் கடைக்காரர் பில்லில் எஞ்சின்களின் எண்ணிக்கை மட்டுமே இருந்தது, வரிசை எண் இல்லை. தணிக்கையாளர் திருப்பி அனுப்பினார். "டீலரைக் கேளுங்க" என்றார் கடைக்காரர், டீலரோ கடைக்காரரைக் கை காட்டினார். எந்த எஞ்சின் எந்தப் படகில் என்று காட்ட முடியாவிட்டால் அந்தப் பத்திரத்தால் என்ன பயன்? வரிசை எண்கள் பில்லில் ஏறாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் படகுப் பதிவுச் சான்றின் நகல். ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில், கடிதத்தில் 'ராணுவம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே எழுத்தர் அதைத் தள்ளி வைத்துவிட்டார். "இது போலீஸ் விஷயம், இங்க வராதீங்க." எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை. கடைசியில் படகுக்காரர்கள் ஒவ்வொருவரும் தன் சான்றின் நகலைத் தனியாக எழுதிக் கேட்டார்கள். மறுபேச்சில்லாமல் கிடைத்தது.

இன்னொன்று. எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை வேறொரு சங்கத்துக்குக் கைமாற்ற முடியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் எவ்வளவு வேண்டப்பட்டவர்களாக இருந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் எஞ்சினை விற்கக் கூடாது என்று நாங்களே ஓர் ஒப்பந்தம் போட்டோம். அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் காப்பாற்றியது. சமீபத்தில் ஒரு தரகர் சந்தை விலைக்கு மேல் ரொக்கம் தருவதாக ஓர் எஞ்சினைக் கேட்டார். வாங்குகிறவர் பெயரையும் படகுப் பதிவு எண்ணையும் எழுதித் தரச் சொன்னோம். ஆள் திரும்பி வரவில்லை.

சரி, அடுத்தது எஃப்சி-4, அதாவது வெளிநாட்டுப் பணத்துக்கான ஆண்டுக் கணக்குப் படிவம். அதற்கு டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது.