மாருதி 800-க்கு செட் மாட்டப் போய் மூன்று சனிக்கிழமை போச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் பாட்டு செட் மாட்டும் பையன் கையில் கட்டிங் பிளேயரைப் பார்த்தால் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். நான் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்தது.

வண்டி அப்பாவுடையது, 1995 மாடல். எஃப்.சி. புதுப்பித்த கையோடு, செத்துப்போன கேசட் செட்டையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: டேஷ்போர்டில் கத்தி படக்கூடாது.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கிய நாலு கடையிலும் ஒரே பல்லவி. "இதெல்லாம் இப்ப யார் சார் போடறாங்க? ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு போட்டுடலாம். ஃபிரேமைக் கொஞ்சம் வெட்டணும், அவ்ளோதான்." 800-இன் டேஷ்போர்டில் ஒன்பது இஞ்ச் திரை என்பது, திண்ணை வீட்டு வாசலில் ஷட்டர் போட்ட மாதிரி. ஐந்தாவது கடையில் சாதாரண சிங்கிள் டின் (பழைய கார் செட்டின் அதே அளவு) கிடைத்தது. 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம், பழைய ஓட்டையில் அப்படியே உட்காரும். சி.டி. இல்லாத புளூடூத் செட் என்பதால் ஆழமும் குறைவு, பின்னால் ஒயரைச் சுருட்டி வைக்க இடம் இருக்கும். பட்டன் விளக்கின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல செட்டில் கண்ணைக் குத்தும் நீலம் மட்டும்தான். ராத்திரியில் மீட்டர் விளக்குக்குப் பக்கத்தில் டிஸ்கோ மாதிரி இருக்கும். பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், தொடர்ந்து தருவது அதில் பாதிகூட இல்லை. இந்தச் சின்ன வண்டிக்கு அதுவே தாராளம்.

டீ குடித்துவிட்டு வந்தால், செட்டோடு வந்த கப்ளரை, அதாவது ஒயர்களைச் சொருகும் பிளக்கை, வெட்டி, ஒயரை முறுக்கி, டேப் சுற்றி முடித்திருந்தான். "ஜாயின்ட் பக்காவா இருக்கு சார்." பாட்டும் வந்தது. அண்ணா சாலை தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. திரையில் 'புரொடெக்ட்' என்று ஓடியது, செட் கையில் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை கடையில், "ஸ்பீக்கர் போச்சு சார், புதுசு மாத்துங்க" என்றார்கள். 1,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டி வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் போய் செட்டையே மாற்றிக் கொடுங்கள் என்றால், "கப்ளர் வெட்டியிருக்கே சார், கம்பெனிக்காரன் வாரண்டி ஒத்துக்க மாட்டான்" என்று கடைக்காரர் என்னிடமே சொல்கிறார். வெட்டினது யாருய்யா?

கோபத்தோடு நேராக வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனை எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு முனை, வண்டியின் பாடியில் ஒரு முனை வைத்தார். மீட்டர் பீப் அடித்தது, அதாவது இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

"பழைய செட்டுக்கு ஸ்பீக்கர் மைனஸை பாடியிலயே எர்த் பண்ணிருக்காங்க தம்பி. அப்போ நானே எத்தனையோ வண்டிக்கு அப்படித்தான் பண்ணிருக்கேன். இப்போ வர்ற செட்டுல மைனஸ்லயும் அவுட்புட் வரும். பாடியில தொட்டா செட்டு தாங்காது. உன் நல்ல நேரம், அதுவே ஆஃப் ஆகித் தப்பிச்சிருக்கு."

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து நேராகத் தனித்தனியாக இரண்டு ஒயர், தரை விரிப்புக்கு அடியில். அவ்வளவுதான் வைத்தியம். செட்டின் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் மாறியிருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். மஞ்சள் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும், சிவப்பு சாவி போட்டால்தான் உயிர் பெற வேண்டும். மாறிப்போனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் சேமித்த ஸ்டேஷன் அத்தனையும் அழிந்துவிடும். நான் செட்டே மட்டம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் கீச்சுச் சத்தத்துக்குக் காரணம், எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தது. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் முடுக்கியதும் சத்தம் போய்விட்டது. கூலி 700 ரூபாய்.

செட்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி மட்டும் பல்லை இளித்தது. கடையில் காட்டிய புது ஃபிரேம்கள் எல்லாம் பளபளக்கும் கறுப்பு. புதுப்பேட்டையில் ஒரு மணி நேரம் அலைந்து, பிரித்துப் போட்ட இன்னொரு 800-இலிருந்து பழைய பட்டியை 150 ரூபாய்க்கு எடுத்தேன். எங்கள் டேஷ்போர்டு எவ்வளவு வெயிலில் வெளுத்திருந்ததோ, அதே அளவுக்கு அதுவும் வெளுத்திருந்தது! இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்து, டேஷ்போர்டைத் தடவிப் பார்த்து, "இன்னும் மாத்தலையா?" என்றார். பாட்டைப் போட்டேன்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரை வீட்டில் எடுத்துப் பார்த்தால், ஓரத்து ஃபோம் விரல் பட்டதும் விபூதி மாதிரி உதிர்கிறது. ஆக, அந்த 1,800 வீண் இல்லை. ஆனால் இதை அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.