மூன்று பெப்பின்கள், ஒரு சார்ட் தாள்

இடைக்கால ஐரோப்பாவில் பிராங்கு அரசை ஆண்ட கரோலிஞ்சியர் குலமரபை வரைபடமாக்கும் என் முயற்சியில் இது மூன்றாவது தாள். முதல் தாளில் தந்தை, மகன், பேரன் என்று மேலிருந்து கீழே ஒரே கோட்டை இறக்கினேன். அது இரண்டாம் தலைமுறையிலேயே அறுந்தது. பிராங்கு அரசின் கிழக்குப் பகுதியான ஆஸ்திரேசியாவின் அரண்மனை மேயராக, அதாவது அரசருக்கு அடுத்த தலைமை அதிகாரியாக, இருந்து 640-இல் இறந்த லாண்டன் பெப்பினின் மகன் கிரிமோல்ட், தன் பிள்ளையை அப்போது ஆண்ட மெரோவிஞ்சியக் குலத்து அரசருக்குத் தத்துக் கொடுத்து அரியணையேற்ற முனைந்து, அந்த முயற்சியிலேயே உயிரையும் இழந்தார். அதற்குப் பின் குலத்தை நிமிர்த்தியது பெப்பினின் மகள் பெக்காவின் வழி. ஓரமாக எழுதியிருந்த அவர் பெயரை ரப்பரால் அழித்து, தாளின் நடுவே பெரிய கட்டமிட்டு எழுதிய பிறகே மற்றவர்கள் தத்தம் இடத்தில் அமர்ந்தார்கள்.

பெக்காவின் கணவர் ஆன்செகிசல், மெட்ஸ் நகர ஆயர் ஆர்னுல்ஃபின் மகன் என்பது மரபு. அதற்கான சான்றுகள் பிற்காலத்தவை என்பதால் அந்த இணைப்பை மட்டும் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன்.

இரண்டாவது தாள் பெயர்க் குழப்பத்தால் கெட்டது. 687-இல் டெர்ட்ரி போரில் மேற்குப் பகுதியான நியூஸ்திரியாவை வென்ற ஹெர்ஸ்டல் பெப்பின், லாண்டன் பெப்பினின் மகள்வயிற்றுப் பேரன். 751-இல் கடைசி மெரோவிஞ்சிய அரசர் மூன்றாம் சில்டெரிக்கின் நீண்ட முடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாமே முடிசூடிய பெப்பின், ஹெர்ஸ்டல் பெப்பினின் மகன்வயிற்றுப் பேரன். இந்தக் கடைசிப் பெப்பினின் தந்தை சார்லஸ் மார்ட்டெல்; மகன் சார்லமேனும் (மகா சார்லஸ்) அந்தச் சார்லஸின் பேரனே. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் பெயரன் என்றும், அது மருவிப் பேரன் என்றும் சொல்லும் நமக்கு இந்த வழக்கம் விளங்காததல்ல. ஆயினும் மூன்று பெப்பின்களுக்கும் ஒரே மையைப் பயன்படுத்தியது என் பிழைதான். இப்போது தலைமுறைக்கு ஒரு நிறம்.

நெடுநேரம் பிடித்தது 714-ஆம் ஆண்டு. ஹெர்ஸ்டல் பெப்பினுக்கும் பிளெக்ட்ரூடுக்கும் பிறந்த இரு மகன்களும் தந்தைக்கு முன்பே இறந்துவிட, சிறுவனான தன் பேரன் தியூடோவால்டின் உரிமையைக் காக்க, பெப்பினுக்கு அல்பைடா பெற்ற சார்லஸ் மார்ட்டெலைப் பிளெக்ட்ரூட் சிறைப்படுத்தினார். சார்லஸ் தப்பி ஓடி, 717-இல் வின்சியில் வென்று நிலைபெற்றார். அல்பைடாவை மனைவி என்று எழுதுவதா, துணைவி என்று எழுதுவதா என்று தடுமாறி, வெறும் பெயரை மட்டும் எழுதினேன்.

சார்லமேனின் பிள்ளைகளிடம் வந்தபோது பெயரிடும் முறையே மாறியிருந்தது. 778-இல் பிறந்த இரட்டையருக்கு லூயி, லோத்தார் என்று பெயரிட்டார்கள். இவை குளோவிஸ், குளோத்தார் என்ற மெரோவிஞ்சியப் பெயர்களின் வடிவங்கள். அரியணையைப் பறித்து முப்பது ஆண்டுகூட ஆகாத நிலையில் பெயர்களையும் எடுத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 781-இல் ரோமில் திருமுழுக்குப் பெற்றபோது கார்லோமன் என்ற இன்னொரு மகனுக்குப் பெப்பின் என்று பெயர் மாற்றினார்கள். சார்லமேனுக்கு ஹிமில்ட்ரூட் பெற்ற மூத்த மகனான கூனன் பெப்பின் அப்போது உயிரோடு இருந்ததால், என் தாளில் அண்ணனும் தம்பியும் ஒரே பெயரில் அருகருகே நிற்கிறார்கள்.

அடுத்தது 843-ஆம் ஆண்டின் வெர்டன் உடன்படிக்கை. பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட சார்லமேனின் மூன்று பேரன்களில் ஒருவர் பெயர் மறுபடியும் சார்லஸ். தாளின் அடியில் மிஞ்சியிருப்பதோ நான்கு விரற்கடை இடம்.